மணிக்கட்டுக் கணக்கு

பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் கால் வைத்தபடி ஊர் முழுக்கச் சுற்றியவள் அவள். அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. பிரேக் டீச்சர் என்பார்கள். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்களைக்கூட அவள் அதட்டியதில்லை. வேண்டிய இடத்தில் காலை அழுத்துவாள், அவ்வளவுதான். அடுத்த வளைவில் மறுபடி வேறு ஏதாவது கதை பேசிக்கொண்டிருப்பாள்.

ஐம்பது தாண்டிய வயதில் அவளுக்கு மாரடைப்பு வந்தது. காலையில் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது, நடு நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல இருந்தது. கணவரிடம் சொன்னாள். வாயுவாக இருக்கும் என்று அவர் கீழே போய் சோடா வாங்கிவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்ததில் பொழுது போய்விட்டது. அவள் சுவரைப் பிடித்தபடி சரிந்த பிறகுதான் அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அடைத்திருந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் இதயத் தசை இவ்வளவு கெட்டிருக்காது என்று மருத்துவர் சொன்னபோது, கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு நாட்டில் வேலை பார்க்கும் மகள் அடித்துப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறி வந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அப்பாவிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான். "சோடாவாப்பா வாங்கிக் கொடுத்தீங்க?"

அவர் காகித ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். அன்று கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே நின்றார்.

மகள் ஊருக்குக் கிளம்பும் முன் அம்மாவின் கையில் ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டுப் போனாள். மணி காட்டுவதோடு இதயத் துடிப்பையும் எண்ணிச் சொல்லும் கடிகாரம். அதில் தெரிவதெல்லாம் அப்பாவின் போனிலும் மகளின் போனிலும் தெரியும்படி இணைத்தாள். உடற்பயிற்சியின்போதுகூடத் துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அந்த எண்ணையே எல்லையாக வைத்துவிட்டாள். தாண்டினால் போன் விசிலடிக்கும். "இனிமே நீங்க பார்த்துக்கிட்டே இருக்கலாம்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

முதலில் அவளுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. செத்துப் பிழைத்தவளுக்கு, நீ இருக்கிறாய், இருக்கிறாய் என்று ஒன்று கையிலேயே இருந்து சொல்லிக்கொண்டிருப்பது பிடிக்காமல் போகுமா? விழித்ததும் அதைத்தான் பார்த்தாள்.

ஒரு நாள் வெங்காயம் நறுக்கும்போது போன் விசிலடித்தது. கூடத்திலிருந்து ஓடிவந்த கணவர் கத்தியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து காய்களை அவர்தான் நறுக்கினார். ஒரு துண்டு விரல் நீளம், ஒரு துண்டு நகத்தளவு. துணி துவைக்கும் பிரஷ்ஷை எடுத்தால் விசில். பல் தேய்த்தபோதும் ஒரு நாள் அடித்தது. பல்லையுமா நீங்க தேச்சுவிடப் போறீங்க என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மெதுவாகத் தேய்க்கச் சொன்னார்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. அவர் கதவுக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. போட வேண்டிய தேவையே வரவில்லை. அவள் கையை வீசிக்கொண்டு படியிறங்கினால், முதல் திருப்பம் வருவதற்குள் மேலே விசில் சத்தம் கேட்கும். பின்னாலேயே அவருடைய குரல். படிகளின் பாதியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்று, மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் அவள் பலமுறை நின்றிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் மேலேதான் போனாள்.

இதைவிடக் கொடுமை, அவளால் சண்டை போட முடியாமல் போனது. கல்யாணமான நாளிலிருந்து ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டுக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். இப்போது அவள் குரலை உயர்த்திக் கையை ஆட்டிப் பேச ஆரம்பித்தால், அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. போனைப் பார்ப்பார். "ஏறுது, ஏறுது. அப்புறம் பேசிக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. தன் கோபம்கூட ஒரு வியாதியின் அறிகுறியாகிவிட்டதை நினைத்து அவள் வாயை மூடிக்கொள்வாள்.

கழற்றிப் போட்டுவிடலாமே என்றால் அதுவும் நடக்கவில்லை. ஒருமுறை குளிக்கும்போது கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். அவர் அப்போது தெருமுனையில் மாத்திரை வாங்க நின்றிருந்தார். போனில் எண் இருந்த இடத்தில் வெறும் கோடு. மருந்துக்கடையிலிருந்து ஓடி, மூன்று மாடியும் ஏறி, குளியலறைக் கதவை உடைக்கிறதுபோலத் தட்டினார். அவள் ஈரத்தோடு கதவைத் திறந்தபோது அவர் சுவரில் சாய்ந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அன்று அவளே அவருக்குத் தண்ணீர் கொடுத்து விசிறிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கழற்ற மனம் வரவில்லை. சார்ஜ் போடுகிற நேரத்தில்கூட, சார்ஜ்ல போட்டிருக்கேன், சார்ஜ்ல போட்டிருக்கேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

வாரத்தில் சில நாள் மட்டும் அவளுக்கு விடுதலை. மருத்துவமனையின் தரைத்தளத்தில் இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சிகிச்சை நடந்தது. பெரிய கூடம், ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். நடக்கும் பெல்ட் பொருத்திய டிரெட்மில்கள், நகராத சைக்கிள்கள், மடக்கு நாற்காலிகள். கூட வருகிறவர்கள் வெளியே நடைக்கூடத்தில் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு இளம் பிசியோதெரபிஸ்ட் பெண் நோயாளிகளின் நெஞ்சில் வில்லைகளை ஒட்டி, ஒயர்களை மாட்டி, எதிரே இருந்த திரையில் இதயத்தின் கோடு ஓடுவதைப் பார்த்தபடி பயிற்சி கொடுப்பாள். "மூச்சு வாங்குதா? என்கூடப் பேசிக்கிட்டே நடக்க முடியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். டீச்சருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வீட்டில் யாரும் அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்பதை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. அங்கே பதில்தான் போனிலேயே வந்துவிடுகிறதே.

அந்தக் கூடத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. டிரெட்மில்லில் கை வீசி நடந்துகொண்டிருந்தபோது கடிகாரம் அதிர்ந்தது. பார்த்தால் நூற்று ஐம்பத்தெட்டு. அவளுக்குக் கால் பின்னியது. பிசியோ பெண் பெல்ட்டை மெதுவாக்கிவிட்டு, திரையைக் காட்டினாள். அதில் நூற்று நான்கு. கோடு ஒழுங்காக, ஒரே அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு சைக்கிளில் ஏற்றினாள். டீச்சர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மிதித்தாள். வியர்த்துக் கொட்டியது. இப்போது திரையில் நூற்றுப் பதினான்கு, கடிகாரத்தில் எழுபத்தொன்று.

"இது தோலுக்குள்ள பச்சை வெளிச்சம் அடிச்சு, ரத்தம் வந்து வந்து போறதைப் பார்த்து எண்ணுது டீச்சர்" என்றாள் பிசியோ பெண். "கை சும்மா இருந்தா ஓரளவு சரியா எண்ணும். நீங்க கையை வீசினா, அந்த ஆட்டத்தையே துடிப்புன்னு நெனைச்சு எண்ணிடும். இறுக்கிப் பிடிச்சா ரத்தம் சரியா வராது, கொறைச்சு சொல்லும். நெஞ்சுல ஒட்டியிருக்கிறது இதயத்தோட மின்சாரத்தையே பார்க்குது. ரெண்டும் ஒண்ணு இல்ல."

கடிகாரப் பட்டையை இன்னும் மேலே, மணிக்கட்டு எலும்பைத் தாண்டி, இறுக்கமாகக் கட்டிப் பார்த்தார்கள். வித்தியாசம் குறைந்தது, போகவில்லை. பிறகு அந்தப் பெண் தன் கழுத்தில், மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில், இரண்டு விரலை லேசாக வைத்துக் காட்டி, டீச்சரையும் அதேபோல வைக்கச் சொன்னாள். விரலடியில் துடிப்பு வந்து வந்து மோதியது. இவ்வளவு நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. வெங்காயமும் படியும் பல் துலக்குவதும் ஒவ்வொன்றாக டீச்சரின் நினைவுக்கு வந்தன. கையை ஆட்டியதற்காகத் தன்னை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அடுத்த முறை அவள் உள்ளே டிரெட்மில்லில் நடந்தபோது, நடைக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் நூற்று அறுபதைத் தாண்டியதும் எழுந்தார். யாரையும் கேட்காமல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நிறுத்துங்க என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

பிசியோ பெண் பொறுமையாகத் திரையைக் காட்டினாள். கடிகாரத்தைக் காட்டினாள். முன்பு டீச்சருக்குச் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ சொல்றது சரியாவே இருக்கலாம்மா" என்றார். "ஆனா ரெண்டுல ஒண்ணு தப்புன்னு ஆகிப்போச்சு. எது தப்புன்னு எனக்குத் தெரியாது. பெரிய நம்பரை நம்பி, அது தப்பாப் போனா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. சின்ன நம்பரை நம்பி அது தப்பாப் போச்சுன்னா?"

"நடக்காம உட்கார்ந்தே இருந்தா அதுவும் நஷ்டம்தான் சார். இதயம் பலமாகணும்னா வேலை கொடுக்கணும்."

"வேலை கொடுத்து அது நின்னு போச்சுன்னா நீ வந்து பதில் சொல்ல மாட்டே. நான்தான் என் பொண்ணுக்குப் பதில் சொல்லணும்."

இருவருக்கும் நடுவில், நெஞ்சில் ஒயர்களோடு அவள் நின்றாள். பெல்ட் நின்றிருந்தது. இவ்வளவு நேரம் நடந்தவள் அவள்தான். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். அவள் வாயெடுத்தபோது அவர் ஏற்கெனவே அவளுடைய செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மகளும் போனில் வந்தாள். தன் போனிலும் நூற்று அறுபது என்று காட்டியதைப் பார்த்துவிட்டு அழுதிருந்தாள். அந்த ஆஸ்பத்திரி மெஷின் எந்தக் காலத்தது என்று அப்பாவிடம் கேட்டாள். இந்தக் கடிகாரம் புதுசு, விலை கூடினது, லட்சம் பேர் கட்டியிருக்கிறார்கள் என்றாள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்வரைக்கும் பயிற்சி வேண்டாம் என்று அப்பாவும் மகளும் முடிவு செய்தார்கள். அடுத்த சந்திப்புக்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன.

அவள் விவாதிக்கப் பார்த்தாள். எண் ஏறியது. "பார்த்தியா?" என்றார் கணவர்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டாள். கை அசையாமல் இருந்தால் கடிகாரம் அமைதியாக இருக்கும். கடிகாரம் அமைதியாக இருந்தால் அவரும் அமைதியாக இருப்பார். ஜன்னலோர நாற்காலியில், மடியில் கையை வைத்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் எடுக்கப் போனால் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, உடைந்துவிடும் பொருளைத் தூக்கிப் போகிறவள்போல நடப்பாள். மகளிடம் போனில் பேசும்போது, அம்மா இப்பல்லாம் எவ்வளவு நிதானமா இருக்கீங்க என்று மகள் சந்தோஷப்படுவாள்.

தெருவில் சில நாள் பயிற்சிக் கார் போகும். அவள் உட்கார்ந்த இருக்கையில் இப்போது வேறொருவர். வண்டி திணறித் திணறி நகர்வதை மாடியிலிருந்து பார்க்கும்போது அவளுடைய வலது பாதம் தன்னாலே தரையை அழுத்தும். கால் அசைவதைக் கடிகாரம் கவனிப்பதில்லை.

ஆனால் உடம்பு கவனித்தது. முன்பு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்க முடிந்தவளுக்கு, இப்போது படுக்கையிலிருந்து எழுந்து முகம் கழுவினாலே இளைத்தது. தொடைகள் சூம்பிப்போய்ப் புடவைக் கட்டு நழுவியது. பிசியோ பெண் இரண்டு முறை போன் செய்தாள். போன் கணவரிடம் இருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று இரண்டு முறையும் மரியாதையாகவே சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு மதியம் அவள் கட்டிலில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நெஞ்சுக்குள் ஏதோ தடம் மாறியது. கற்றுக்குட்டி ஒருவர் கிளட்ச்சை வெடுக்கென்று விட்டால் வண்டி குதித்துக் குதித்து ஓடுமே, அப்படி இருந்தது. ஒரு துடிப்பு, இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி, பிறகு ஏழெட்டு ஒன்றன்மேல் ஒன்றாக. வலி இல்லை. ஆனால் மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. கண்ணுக்கு முன்னால் துண்டின் கோடுகள் மிதந்தன.

கணவரைக் கூப்பிட்டாள். அவர் போனோடு வந்தார்.

"எழுபத்தெட்டு" என்றார். அவர் முகம் தெளிந்தது. "நார்மலாத்தான் இருக்கு. ஒண்ணுமில்ல, பயந்துக்காத."

"இல்லங்க. உள்ள என்னவோ பண்ணுது. தாறுமாறா ஓடுது."

அவர் மறுபடி பார்த்தார். எழுபத்தாறு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மின்விசிறியைக் கூட்டினார். மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மகளும் தன் போனைப் பார்த்துவிட்டு, அம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கு, வீட்டுக்குள்ளயே இருந்து இருந்து மனசு அப்படி நினைக்குது, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்க என்றாள். அவள் இழுத்து விட்டாள். உள்ளே வண்டி குதித்துக்கொண்டேயிருந்தது.

அவள் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தாள். பச்சை நிறத்தில் ஒழுங்கான ஒரு எண். அவள் நன்றாக இருந்த நாளெல்லாம் நீ சாகப் போகிறாய் என்று அலறி இந்த நாலு சுவருக்குள் உட்கார வைத்தது அதுதான். இப்போது உள்ளே எதுவோ கழன்று ஓடும்போது ஒன்றுமில்லை என்கிறது. அவள் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. சிரித்த முகத்தோடு இரண்டு பேர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் செத்துப் போவாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் எழுபத்தாறு என்று காட்டுமோ என்னவோ.

"கையைக் கொடுங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவளே அவர் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு விரல்களைப் பிரித்து, தன் கழுத்தில் வைத்து அழுத்தினாள். "இங்க. அழுத்தாதீங்க, சும்மா வைங்க. போனைக் கீழ வைங்க."

முதலில் அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் இடத்தை மாற்றி வைத்தாள். அவர் முகம் மெல்ல மாறுவதை அவள் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தார். தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வாழ்நாள் முழுக்கக் கூட்டல் கழித்தல் செய்தவருக்கு அதைப் பிடிக்க முடியவில்லை.

"எண்ணவே முடியலையே" என்றார்.

"அதைத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"போன்ல எழுபத்தாறுன்னு..."

"நீங்க யாரைக் கட்டிக்கிட்டீங்க? என்னையா, அதையா?"

அவர் விரலை எடுக்கவில்லை. கண் கலங்கி வழிந்தது. "அன்னிக்கு வாயுன்னு சொன்னேன்" என்றார். அந்தக் காலைக்குப் பிறகு அவர் அதை வாயால் சொன்னது அதுவே முதல் முறை. "இன்னிக்கும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

"சொல்லல இல்ல. போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

ஸ்பீக்கரில் மகள், என்னப்பா, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அழைப்பைத் துண்டித்தால்தான் வேறு இடத்துக்குக் கூப்பிட முடியும். அவர் துண்டித்தார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை நாற்காலியில் உட்கார வைத்தே மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பல நாள் பாதியிலேயே திரும்பிய படிகள் அவள் காலுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் போயின. கணவர் அவர்களுக்கு முன்னால், முகத்தை மேலே திருப்பிப் பின்னோக்கி இறங்கியபடி, பத்திரம் பத்திரம் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்தான் ஒரு படியில் தடுக்கி விழப் பார்த்தார்.

அவசரப் பிரிவில் நெஞ்சில் வில்லைகளை ஒட்டியதும் திரையில் நூற்று நாற்பதுக்கும் மேல் காட்டியது. கோடு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடைவெளிகளில் தாவியது. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். இந்த மாதிரி நேரத்தில் பல துடிப்புகள் ரத்தத்தை மணிக்கட்டுவரை தள்ளுகிற அளவுக்கு பலமாக இருக்காது. கடிகாரம் பாதியைத் தவறவிட்டுவிடும். வீட்டில் நார்மல் என்று காட்டியது என்று கணவர் ஆரம்பித்தபோது, அந்த மருத்துவர் திட்டவில்லை. உடனே கொண்டுவந்தது நல்லது, இப்படியே விட்டு உள்ளே ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்று மட்டும் சொன்னார். ஊசி மருந்து ஏறி, மறுநாள் துடிப்பு தன் பாதைக்குத் திரும்பியது. ரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மாத்திரை சேர்ந்தது.

மகள் போனில் வந்தபோது கணவர் வார்டுக்கு வெளியே போய்ப் பேசினார். கதவு சாத்தாமல் இருந்ததால் அவளுக்கும் கேட்டது. நம்பர் நல்லாத்தானேப்பா இருந்துச்சு என்று மகள் கேட்டிருக்க வேண்டும்.

"நம்பர் நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றார் அவர். "உங்கம்மாதான் நல்லா இல்ல."

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. உள்ளே வந்தவர் அவளுடைய கையை எடுத்து, கடிகாரப் பட்டையின் கொக்கியைத் தேடினார். பழக்கமில்லாததால் அவருக்குக் கழற்ற வரவில்லை. அவளே கழற்றிக் கொடுத்தாள். அந்த இடத்தில் தோல் வெளுத்து, சுருங்கி, தண்ணீரில் ஊறியதுபோல இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பயிற்சிக் கூடத்துக்கு மறுபடி போனாள். ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியவில்லை. முதலில் இருந்ததைவிடவும் கீழே இருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பிசியோ பெண் அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், சைக்கிளின் விசையைக் குறைத்து வைத்தாள். வீட்டில் நடப்பதற்கு நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொன்னாள், அதுவும் எந்நேரமும் வேண்டாம், பயிற்சியின்போது மட்டும் போதும் என்றாள். பயிற்சிக் காரில் ஏறலாமா என்று டீச்சர் மருத்துவரிடம் கேட்டபோது, இப்போதைக்கு வேண்டாம் என்றார். எப்போது என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். டிரைவிங் ஸ்கூல்காரர் போன் செய்து, உங்க இடம் எப்பவும் உங்களுக்குத்தான் என்றார். அவர் அந்த இடத்துக்கு நிரந்தரமாகவே ஆள் போட்டுவிட்டது அவளுக்கும் தெரியும்.

கணவரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. போனில் விசில் இல்லாமல் போனபிறகு அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டீ குடிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது திடீரென்று அவள் கழுத்துக்கு விரலைக் கொண்டுவந்தார். ஒருமுறை பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் அவர் கையைத் தட்டிவிட்டாள். பிறகு வீட்டில் அவரை உட்கார வைத்துச் சொன்னாள். என்னைக் கேளுங்க, நான் சொல்றேன். சரியில்லன்னா நானே சொல்றேன். கேக்காம தொடக் கூடாது. அவர் தலையாட்டினார். அன்று முழுக்க, எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நடக்கலாம் என்று பிசியோ பெண் சொன்ன பிறகு, ஒரு காலையில் அவள் கீழே போய்வருகிறேன் என்றாள். அவரும் செருப்பைத் தேடினார். வேண்டாம், தனியாகப் போகிறேன் என்றாள். அவர் செருப்பை விட்டுவிட்டுப் பால்கனிக்குப் போனார்.

அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் மேலே பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் நிற்பது முதுகில் தெரிந்தது. கதவுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையில் போய் வந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். கம்பத்தைத் தொட்ட பிறகு திரும்ப மனம் வரவில்லை. கொஞ்ச தூரத்தில் தெரு வலப்பக்கம் வளைந்தது. அந்த வளைவைத் தாண்டினால் பால்கனியிலிருந்து தெரியாது.

தாண்டினாள்.

அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அச்சகம், பாதி ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம். எதிரே ஒருவர் வாளித் தண்ணீரில் கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, வழுக்கும்மா, ஓரமா வாங்க என்றார். அவள் ஓரமாகப் போய்ச் சுவரில் கை ஊன்றி நின்றாள். நெஞ்சு வேகமாக அடித்தது. நடந்து வந்ததற்கு அடிக்க வேண்டிய வேகம்தான் அது. எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. வெயில் முகத்தில் விழுந்தது. அங்கே, யாருடைய கண்ணிலும் படாமல், திரும்பிப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றும்வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.